வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொள்பவர் இரண்டு நாள் வெளியூர் போவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாதம் வந்தவர், மறதி நோய் உள்ளவர், படுக்கையை விட்டு எழ முடியாதவர் என ஒருவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகள், மகன், மனைவி, கணவன் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. சனி, ஞாயிறு இரண்டு நாள் வெளியே போய்வர வேண்டும் என்றால் எதை, எப்போது, எப்படி ஏற்பாடு செய்வது என்பதே பேச்சு. இங்கே சொல்லியிருக்கும் அளவுகள் பொதுவானவை. உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

அம்மாவை இந்த நிலைமையில் விட்டுவிட்டு நான் ஊர் சுற்றப் போவது சரியா?

சரிதான். மருத்துவமனையில் எந்தச் செவிலியரும் தொடர்ந்து இருபத்து நான்கு மணி நேரம் ஒரு வார்டைப் பார்ப்பதில்லை. அவர்கள் ஷிப்ட் மாற்றுவது சோம்பலால் அல்ல. தூக்கம் கெட்டவர் மருந்தை இரண்டு முறை கொடுத்துவிடுவார், அல்லது கொடுத்ததாக நினைத்துக்கொண்டு விட்டுவிடுவார். தூக்கும்போது முதுகைப் பிடித்துக்கொள்வார். சின்ன விஷயத்துக்கும் நோயாளியிடம் குரலை உயர்த்துவார். வீட்டிலும் இதெல்லாம் நடக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்களைக் கேட்டால் இதுவே பெரிய காரணம் என்போம். உங்களுக்கே திடீரென்று காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் அம்மாவை யார் பார்ப்பது? எந்த மாத்திரை எப்போது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்கும் என்பதெல்லாம் உங்கள் ஒருவர் தலையில் மட்டும் இருந்தால், ஆபத்து அம்மாவுக்குத்தான். நீங்கள் விரும்பிப் போகும் இரண்டு நாளில் இன்னொருவர் அந்த வேலையைப் பழகிக்கொள்கிறார். அந்தப் பழக்கம் அம்மாவுக்கான பாதுகாப்பு.

விட்டுவிட்டுப் போவதா, கூட அழைத்துப் போவதா?

சாய்ந்தாவது இரண்டு மணி நேரம் தொடர்ந்து உட்கார முடிகிறவர், புது இடத்தில் குழம்பாதவர், ஒருவர் கை கொடுத்தால் கழிப்பறைக்குப் போகக்கூடியவர் என்றால் அழைத்துப் போகலாம். ஆனால் அவரை அழைத்துப் போகும் பயணம் அவருக்கான ஓய்வு, உங்களுக்கானது அல்ல. வேலை அதே வேலை, அதுவும் பழக்கமில்லாத இடத்தில். இதைப் புரிந்துகொண்டு போனால் மனத்தாங்கல் வராது. முடிந்தால் இரண்டு வகைப் பயணத்தையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மறதி நோய் நடுத்தர நிலையைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கட்டும். கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாத இரவுதான் அவர்கள் விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளும் இரவு.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய புதிதில், புது மருந்து தொடங்கிய வாரத்தில், காய்ச்சல் இருக்கும்போது, புண் புதிதாகக் கிளம்பியிருக்கும்போது இரண்டுமே வேண்டாம். தேதியைத் தள்ளிவையுங்கள்; ரத்து செய்யாதீர்கள்.

யாரை நம்பி விடுவது?

பாசம் மட்டும் போதாது. வருபவர் நோயாளியின் உடம்பைத் தூக்கித் திருப்பக்கூடியவரா, மலம் சிறுநீர் துடைக்கத் தயங்காதவரா, இரவில் கூப்பிட்டால் விழிப்பவரா என்று பாருங்கள். மூன்றும் ஒருவரிடம் இல்லையென்றால் வேலையைப் பிரித்துவிடுங்கள். பகலில் பேச்சுத் துணைக்கு ஒருவர், இரவுக்கும் குளியலுக்கும் பயிற்சி பெற்ற ஆள் ஒருவர். இரவைத்தான் முதலில் உறுதி செய்ய வேண்டும். பகலுக்கு ஆள் கிடைப்பது எளிது.

ஒத்திகை இல்லாமல் போகாதீர்கள். முதல் நாள் நீங்கள் செய்ய, அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அடுத்த முறை அவர் செய்ய, நீங்கள் வாய் திறக்காமல் பாருங்கள். வாய் திறக்காமல் இருப்பதுதான் கடினம், ஆனால் அப்போதுதான் எங்கே தடுமாறுகிறார் என்று தெரியும். மூன்றாவது முறை நான்கு மணி நேரம் வெளியே போய்விடுங்கள். பிறகு ஒரு முழு இரவு, நீங்கள் பக்கத்து அறையிலோ பக்கத்து வீட்டிலோ இருந்துகொண்டு. இதற்கெல்லாம் மூன்று, நான்கு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை ஆள் பிடித்து மறுநாள் காலை கிளம்புவது என்ற ஏற்பாடுதான் பெரும்பாலும் பாதி வழியில் திரும்பி வருவதில் முடிகிறது.

ஆளே கிடைக்கவில்லை என்றால்?

குறுகிய காலத் தங்கலுக்கு இடம் தரும் பராமரிப்பு இல்லங்கள் பல நாடுகளில் உண்டு. பேசும்போது கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரவு ஷிப்ட்டில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்கள், மருந்தை யார் கொடுக்கிறார்கள், கொடுத்ததை எங்கே எழுதுகிறார்கள், படுக்கையில் இருப்பவரைத் திருப்பிய நேரக் குறிப்பைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். குறிப்பைக் காட்டத் தயங்கும் இடம் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஊட்டுபவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடி அவசரமாக வாயில் திணிக்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

ஒரே தாள், பெரிய எழுத்து, படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில். பத்துப் பக்க நோட்டை நெருக்கடியில் யாரும் புரட்ட மாட்டார்கள்.

மேலே நோயாளியின் பெயர், வயது, எடை, நோய்கள், ஒவ்வாமை உள்ள மருந்துகள். அடுத்து யாரை எந்த வரிசையில் அழைப்பது: ஆம்புலன்ஸ், மருத்துவர், பக்கத்து வீடு, பிறகு நீங்கள். நீங்கள் முதலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவரால் மூச்சுத்திணறலுக்கு எதுவும் செய்ய முடியாது. வீட்டு முகவரியையும் முழுதாக எழுதுங்கள். வழக்கமாக அந்த வீட்டில் இல்லாதவருக்குப் பதற்றத்தில் கதவு எண் ஞாபகம் வராது.

கீழே நேர அட்டவணை. எழுப்புவது, மருந்து, சாப்பாடு, திருப்பிப் படுக்கவைப்பது, டயபர் மாற்றுவது, தூக்கம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் அடிக்க ஒரு கட்டம்.

அதற்கும் கீழே உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள். பேச முடியாதவர் என்றால் தாகத்தை எப்படிக் காட்டுவார், வலித்தால் முகம் எப்படிப் போகும், கோபம் எதனால் வரும், என்ன சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார். இதற்கு எவ்வளவு இடம் வேண்டுமானாலும் கொடுங்கள். மருந்தைப் பார்த்துக் கொடுத்துவிடலாம். இதை யாராலும் ஊகிக்க முடியாது.

மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதையும் தாளில் எழுதுங்கள். உயிர்காக்கும் சிகிச்சை பற்றி நோயாளி முன்பே எழுதிக் கொடுத்தது ஏதும் இருந்தால் அதன் நகல் இந்தத் தாளோடு இருக்கட்டும்.

மாத்திரைகளில் என்ன தவறு நடக்கும்?

நடப்பவை பெரும்பாலும் இரண்டே. இருவரும் கொடுத்துவிடுவது, இருவரும் விட்டுவிடுவது. நாள், வேளை வாரியாகக் கட்டங்கள் உள்ள மாத்திரை டப்பாவை நீங்களே நிரப்பிவையுங்கள். இரண்டு நாள் பயணத்துக்கு நான்கு நாள் மருந்து இருக்கட்டும், வண்டி நடுவழியில் நின்றுவிடலாம். கட்டம் காலியாக இருந்தால் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். மீதி மாத்திரைகளின் அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். மருத்துவமனையில் பெயரும் அளவும் கேட்பார்கள்.

விட்டுப்போன வேளைக்காக அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து, வலிப்பு மருந்து, பார்க்கின்சன் மருந்து மூன்றும் நேரம் தவறக் கூடாதவை. அவை விட்டுப்போனால் என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தாளில் எழுதுங்கள்.

விழுங்க முடியவில்லை என்று எல்லா மாத்திரையையும் பொடி செய்துவிடுவார்கள். மெதுவாகக் கரையும் வகையில் செய்த மாத்திரையைப் பொடி செய்தால் நாள் முழுவதற்கான மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். எவற்றைப் பொடி செய்யலாம் என்று டப்பா மேலேயே எழுதுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பவர், சளி மருந்திலும் அதே பாராசிட்டமால் இருப்பதைக் கவனிக்காமல் போகலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. எடை குறைந்தவருக்கும் கல்லீரல் பழுதானவருக்கும் அதைவிடக் குறைவு.

சுகர் திடீரென்று இறங்கினால் வந்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

வியர்வை, நடுக்கம், குழப்பம், பொருத்தமில்லாத பேச்சு. இவற்றில் எதைக் கண்டாலும் உடனே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 70 mg/dL-க்குக் கீழே இருந்தால், விழிப்போடு இருந்து விழுங்கவும் முடிந்தால், 15 கிராம் அளவுக்கு வேகமாக ஏறும் சர்க்கரை கொடுக்க வேண்டும்: குளுக்கோஸ் மாத்திரை, அல்லது மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது 150 மில்லி பழச்சாறு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் 70-க்குக் கீழே என்றால் திரும்பவும் அதே அளவு. ஏறியபின் வழக்கமான சாப்பாடு.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமாவதுதான் புது ஆள் இருக்கும் நாளில் சுகர் இறங்க அடிக்கடி காரணமாகிறது. வேளைச் சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் என்றால், தட்டு கைக்கு வந்தபிறகே ஊசி என்று எழுதுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இரண்டே நாளில் புண் வந்துவிடுமா?

வரும். ஒரே நிலையில் சில மணி நேரம் கிடந்தாலே தோலுக்கு ரத்தம் போவது நின்று புண் தொடங்கிவிடும். நீங்கள் மாதக்கணக்கில் காப்பாற்றிய தோலை ஒரு கவனக்குறைவான இரவு கெடுத்துவிடக்கூடும். அதனால் புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பதில் அதிக நேரம் இதற்கே செலவிடுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். நேராகப் பக்கவாட்டில் தொண்ணூறு பாகைக்கு நிறுத்தினால் இடுப்பு எலும்பின் மேலேயே முழு எடையும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை சாய்வில் வையுங்கள். முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் குதிகால் படுக்கையைத் தொடாமல் தூக்கி நிற்கட்டும். இழுக்காமல், அடியில் விரித்த துணியை இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். இழுக்கும்போது தோல் உராய்ந்து கிழியும்.

ஒவ்வொரு முறை திருப்பும்போதும் வால் எலும்பு, இடுப்பு, குதிகால், காதுமடல், முழங்கை பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்கவும். அழுத்தியதும் வெளுத்துப் பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்கவே இல்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது; சூடாகவோ கெட்டியாகவோ, சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்து விடுவதும், வளையம் போன்ற குஷன் வைப்பதும் நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறுகள். இரண்டுமே புண்ணைப் பெரிதாக்கும்.

சிறுநீர்க் குழாய், உணவுக் குழாய் இருப்பவரை மற்றவரிடம் விடலாமா?

பழகியவரிடம் மட்டும் விடலாம்.

குழாயோடு இணைத்த சிறுநீர் சேரும் பை எப்போதும் உடம்புக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக, ஆனால் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்யவேண்டும். சில மணி நேரமாகப் பையில் எதுவும் சேரவில்லை என்றால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, அவர் அதன்மேல் படுத்திருக்கிறாரா என்று பார்க்கட்டும். அப்படி இல்லாமல் அடிவயிறு வீங்கி வலித்தால் தாமதிக்காமல் மருத்துவ உதவி வேண்டும். முதுகுத்தண்டு மேல்பகுதியில் அடிபட்டவருக்குக் குழாய் அடைத்துக்கொண்டால் திடீர்த் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது, ரத்த அழுத்தம் எகிறுவது நடக்கும். உயிருக்கே ஆபத்து. நேராக உட்காரவைத்து, அடைப்பைப் பார்த்து, உடனே ஆம்புலன்ஸ்.

உணவுக் குழாயில் ஊட்டும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும்; முடிந்தபின்னும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் சுமார் 30 மில்லி தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். மூக்கிலுள்ள குழாயின் அடையாளக் கோடு இடம் மாறியிருந்தால் எதையும் ஊற்றக் கூடாது. வயிற்றுக் குழாய் கழன்று வந்துவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும். காலையில் பார்க்கலாம் என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மறதி நோய் உள்ள அப்பாவிடம் போவதைச் சொல்லிவிட்டுப் போவதா, சொல்லாமலா?

சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் ஒரு வாரம் முன்பே சொன்னால் ஒரு வாரமும் தவிப்பார். கிளம்பும் அன்று, ஒரே வாக்கியத்தில்: "போய்ட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துடுவேன்ப்பா, அதுவரைக்கும் சித்தப்பா கூட இருப்பார்." விவாதிக்க வேண்டாம்.

காலையில் சாப்பாடு முடிந்தபிறகு கிளம்புங்கள். மாலை மங்கும் நேரத்தில் பலருக்குப் பதற்றம் கூடும். அந்த நேரத்தில் நீங்கள் பெட்டியோடு வாசலில் நின்றால் இரவு முழுக்க அவர் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். "எங்கே போனாள்?" என்று இருபது முறை கேட்டாலும் ஒரே பதிலை அதே குரலில் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் எடுத்த ஒரு புகைப்படம், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய கைப்பட்டை, வாசல் கதவுக்கு மணி மூன்றும் தயாராக இருக்கட்டும்.

சில மணி நேரத்தில் குழப்பம் திடீரென்று கூடினால் அது மறதி நோய் அல்ல. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர்ப் பற்றாக்குறை, புது மருந்து இவற்றில் ஏதோ ஒன்று இருக்கலாம். "அவருக்கு எப்பவும் இப்படித்தான்" என்று புதியவர் நினைத்துவிடக் கூடாது.

கூட அழைத்துப் போனால் சக்கர நாற்காலியிலிருந்து காருக்கு எப்படி மாற்றுவது?

முன் இருக்கையை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளிக் கொஞ்சம் சாய்த்துவையுங்கள். நாற்காலியை இருக்கைக்கு 30 முதல் 45 பாகையில் நிறுத்தி, இரண்டு பிரேக்கும் போட்டு, கால்தாங்கிகளை விலக்குங்கள். பக்கவாதம் வந்தவர் என்றால் பலமுள்ள பக்கம் காரை ஒட்டி வரவேண்டும். அவர் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்கள் தரையில் பதிந்தபின், இடுப்புப் பட்டையைப் பிடித்துச் சேர்ந்து எழுந்திருங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். செயலிழந்த பக்கத்துத் தோள் மூட்டு எளிதில் விலகும். சின்னச் சின்ன அடியாகத் திரும்பி, பின்பக்கம் முதலில் இருக்கையில் அமரட்டும். மேலே தலை இடிக்காமல் உங்கள் கை இருக்கட்டும். கால்கள் கடைசியில்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி எழுந்து நிற்கவையுங்கள். எழ முடியாதவர் என்றால் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துவிடுங்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டாமல் இருக்க உதவும். வழியில் சிறுநீர் வந்துவிடும் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைத்தால் குழப்பமும் தொற்றும் வரும். கூடுதல் டயபர் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. இன்சுலினை நிறுத்திய காரில் விட்டுப் போகாதீர்கள், சூட்டில் வீரியம் கெடும்.

தங்கும் அறை பற்றி என்ன கேட்க வேண்டும்?

"சக்கர நாற்காலி வசதி உண்டா?" என்று கேட்டால் உண்டு என்பார்கள். வாசலில் ஒரு சாய்தளம் இருந்தாலே அப்படிச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, கழிப்பறைக் கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். உங்கள் நாற்காலியின் அகலத்தைச் சக்கரத்தைத் தள்ளும் கை வளையத்தோடு சேர்த்து அளந்து வைத்திருங்கள். கழிப்பறைக்கு உள்ளே படி உண்டா, கைப்பிடி எந்தப் பக்கம், படுக்கை எவ்வளவு உயரம் என்பவற்றுக்குப் படம் அனுப்பச் சொல்லுங்கள். இரவு விளக்கு ஒன்றை நீங்களே எடுத்துப் போங்கள்.

தனியாகப் போனால் எத்தனை முறை போன் செய்யலாம்?

ஒரு நாளைக்கு இரண்டு முறை, நேரம் குறித்து. இடையில் எதுவும் வராவிட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொள்ளுங்கள். மணிக்கு ஒருமுறை அழைத்தால் அங்கிருப்பவர் நோயாளியை விட்டுவிட்டுப் போனைத்தான் கவனிப்பார். இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்பிவிடக்கூடிய தூரத்துக்குள் முதல் பயணத்தை வைத்துக்கொண்டால் மனமும் அமைதியாக இருக்கும். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எதுவும் வேண்டாம். முதல் நாளில் உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும், கொடுத்துவிடுங்கள்.

எந்த நிலையில் எனக்குக்கூடச் சொல்லாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்?

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, எழுப்ப முடியாத மயக்கம், ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு, விழுந்து தலையில் அடி. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால் தலையில் லேசாக இடித்தாலும் மருத்துவமனைதான். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது பக்கவாதம். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அதிலிருந்து 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டியிருக்கிறது.

திரும்பி வந்ததும் முதலில் என்ன பார்ப்பது?

வந்த உடனே குறை கண்டுபிடிக்காதீர்கள். தலையணை உறை மாறியிருக்கலாம், பாத்திரம் இடம் மாறியிருக்கலாம். அதைச் சொன்னால் அவர் அடுத்த முறை வரமாட்டார். டிக் அடித்த தாளையும் மாத்திரைக் கட்டங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து வால் எலும்பும் குதிகாலும். கடைசியாக மலம் போனது எப்போது என்று கேளுங்கள், ஆள் மாறிய நாட்களில் அது நின்றுபோவது சகஜம்.

அம்மாவோ அப்பாவோ கோபமாக இருக்கலாம், ஓரிரு நாள் முகம் கொடுக்காமலும் இருக்கலாம். வழக்கமான நேரங்கள் திரும்பியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். பார்த்துக்கொண்டவரிடம், தாளில் எது புரியவில்லை, எது விட்டுப்போயிருந்தது என்று கேட்டு அன்றிரவே திருத்தி எழுதுங்கள். அவர் கிளம்புவதற்கு முன் அடுத்த தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.